அழைப்பு மணியைக் கழற்றியவன்

என் வலது தொடை எலும்பு முறிந்ததற்குக் காரணம் ஒரு டிவியின் வயர். அலுவலகத்தில் என் மேசைக்குப் பின்னால், சோதனைக்கென்று பெரிய டிவி ஒன்று வாங்கி வைத்திருந்தோம். எட்டு மாதமாக அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. காபிக் கோப்பையோடு திரும்பியவன் அதன் வயர் தடுக்கி, நாற்காலிக் கால்மேல் விழுந்தேன். அந்த டிவிக்கும் எனக்கும் ஏற்பட்ட முதல் நெருக்கம் அதுதான்.

எங்கள் அப்பா முப்பது வருடம் பாறை உடைத்தார். அம்மா கட்டட வேலையில் சித்தாளாக இருந்து மூன்று மாடிக்குச் சாரத்தில் கல் சுமந்தாள். அக்கா இன்றைக்கும் சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஆள் குறைந்தால் அவளே முதுகைக் கொடுப்பாள். இவர்கள் ஒருவரும் வேலை செய்யுமிடத்தில் எலும்பை முறித்துக்கொண்டதில்லை. அந்தப் பெருமை, ஏசி அறையில் காபி குடிக்கிற எனக்குத்தான் கிடைத்தது.

செய்தி கேட்டு ஓடிவந்த அக்கா முதலில் கேட்டது இதுதான்: "ஏன்டா, கம்ப்யூட்டர்லேர்ந்தா கீழ விழுந்த?"

என் வேலையை அவள் "கட்டம் தள்ளுறது" என்பாள். தப்புச் சொல்ல முடியாது. டிவித் திரையில் படங்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைச் சுற்றி மஞ்சள் கட்டம் இருக்கும். ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் பக்கத்துப் படத்துக்குத் தாவும்; நடுப்பொத்தானை அழுத்தினால் அது திறக்கும். எதை அழுத்தினால் கட்டம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவன் நான். இதற்கு ஐந்து வருடம் படித்திருக்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு விதி. ரிமோட்டுக்காகச் செய்ததைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, ரிமோட்டைக் கையில் பிடித்துச் செய்து பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் என் இடத்துக்குப் போய், இரண்டடி தூரத்தில் மானிட்டரை வைத்துக்கொண்டு மவுஸால் வேலை பார்ப்பேன். மவுஸுக்கு எல்லாமே ஒரு கிளிக் தூரம்தான்.

என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில்தான், விதியைப் பாருங்கள், நான் செய்த டிவி ஒரு மாதமாக வெள்ளோட்டத்தில் இருந்தது. ஆறு கட்டில், எதிர்ச் சுவரில் ஆறு டிவி. சினிமா பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், டாக்டர்களின் படிப்பு விவரம் வாசிக்கலாம், நர்ஸைக் கூப்பிடலாம். கட்டிலின் தலைமாட்டில் முன்பு நர்ஸைக் கூப்பிடும் மணியின் சிவப்புப் பொத்தான் வயரில் தொங்கிய இடத்தில் இப்போது ஓர் ஓட்டை. அதன்மேல் குறுக்கே பிளாஸ்திரி. அந்தப் பொத்தானைக் கழற்றச் சொன்னவன் நான்.

"கையில ரிமோட் இருக்கும்போது எதுக்கு சார் இன்னொரு பொத்தான்?" என்று கூட்டத்தில் கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். படுத்திருந்தவர் யாருமில்லை.

வெள்ளோட்டம் பற்றிய அறிக்கையையும் நான்தான் எழுதினேன். நாளொன்றுக்கு இரண்டே இரண்டு நர்ஸ் அழைப்பு: நோயாளிகள் நிம்மதியாக இருக்கிறார்கள். நாளொன்றுக்கு நூற்றுப்பத்து முறை ஒலி கூட்டப்படுகிறது: நோயாளிகள் பாடல்களை ரசித்துக் கேட்கிறார்கள். இதைப் படித்த ஆஸ்பத்திரி நிர்வாகி மகிழ்ந்துபோய், மற்ற ஐந்து மாடிகளிலும் மணியைக் கழற்றிவிடச் சம்மதித்திருந்தார். நான் படுத்த இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்து. கையெழுத்தானால் நான் குழுத் தலைவன்.

அன்று மதியம் இரண்டரை மணி. அதுவரை சிஸ்டரைக் கூப்பிட அக்கா இருந்தாள். இப்போது பார்க்க வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி நான்கு மணிக்குத்தான் விடுவார்கள். என் காலில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டிருந்தது. வலது கையில் டிரிப்ஸ். காலையிலிருந்து இரண்டு பாட்டில் உள்ளே போயிருந்தது. உள்ளே போனது வெளியே வரவேண்டுமல்லவா? வருகிறேன் என்றது.

ஒன்றும் அவசரமில்லை என்று இடது கையில் ரிமோட்டை எடுத்தேன். நம் வீட்டுக்கு நமக்கா வழி தெரியாது?

முதல் தொல்லை கண்ணில் வந்தது. விழுந்ததில் மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. வெள்ளைத் திரையில் மெல்லிய சாம்பல் எழுத்து நாகரிகமாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்திருந்தேன். கட்டிலிலிருந்து பார்த்தால் எழுத்தே இல்லாத நாகரிகம். நினைவை நம்பிக் கீழே அழுத்தினேன். சினிமா வரிசை, பாட்டு வரிசை, டாக்டர்கள் வரிசை, ஆரோக்கியக் குறிப்பு வரிசை. ஏழாவது வரிசையின் கடைசியில் இருந்தது நர்ஸ் அழைப்பு. நல்ல படங்களெல்லாம் மேலே இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அதைக் கீழே தள்ளியவனும் நானே.

நடுப்பொத்தானை அழுத்தினேன். "நர்ஸை அழைக்கவா?" என்று கேட்டது; பெட்டிக்குள் வருகிற எழுத்து மட்டும் பெரிது, கண்ணை இடுக்கினால் தெரிந்தது. மறுபடி அழுத்தினேன். திரை முதல் வரிசைக்குப் போய்விட்டது. தவறுதலாக யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று மஞ்சள் கட்டத்தை முதலில் "வேண்டாம்" மேல் நிறுத்தி வைத்திருந்தேன்.

மறுபடி ஏழு வரிசை இறங்கினேன். இந்த முறை கவனமாக "ஆம்". உடனே காரணப் பட்டியல் வந்தது. வலி. காய்ச்சல். தண்ணீர். தலையணை. போர்வை. எனக்கு வேண்டியது அதில் இல்லை. ஏன் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. "அந்த வார்த்தை அவ்வளவு பெருசா திரையில வந்தா அசிங்கமா இருக்கும்" என்று மேலாளர் முகம் சுளித்தார். நானும் சுளித்தேன். மதிய உணவு நேரம் வேறு நெருங்கியிருந்தது. எடுத்துவிட்டோம்.

ஆகவே "மற்றவை". அதை அழுத்தினால் எழுத்துப் பலகை. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், கொம்பு, கால், சுழி எல்லாம் அழகாக அடுக்கியிருந்தேன். ச-வுக்குப் போய் அழுத்தி, கீழே கொக்கிக்கு இறங்கி அழுத்தி, மேலே ஏறி ற-வைத் தேடி... முழங்காலை முழங்காலோடு சேர்த்து நெருக்கக்கூட வழியில்லை. ஒரு கால் கயிற்றில் தொங்குகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது திரை கேட்டது: "நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது! இருக்கிறேன் என்று சொல்வதற்குள் முதல் வரிசைக்குப் போய்விட்டது.

பக்கத்துக் கட்டிலில் இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு லாரி டிரைவர் ஒருவர் படுத்திருந்தார். இவ்வளவு நேரமும் என் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

"தம்பி, அந்த ரூட்ல போனா ஊர் போய்ச் சேர மாட்டீங்க."

"இல்லண்ணே, எனக்கு வழி தெரியும்."

"எல்லாரும் முத நாள் அப்பிடித்தான் சொல்லுவாங்க. சவுண்டை ஏத்துங்க. முழுசா. சிஸ்டர் திட்டுறதுக்கு ஓடி வருவாங்க. வந்ததும் வேணுங்கிறதைக் கேட்டுக்கிட வேண்டியதுதான். இங்க எல்லாருக்கும் அதுதான் மணி."

எனக்குச் சட்டென்று எல்லாம் அடைத்துக்கொண்டது, ஒன்றைத் தவிர. நூற்றுப்பத்து முறை. பாடல்களை ரசித்துக் கேட்கிறார்கள். வண்ணம் தீட்டி வரைபடம் போட்டிருந்தேனே!

"யாரு இதைக் கண்டுபிடிச்சாங்க?" என்றேன்.

"கஷ்டம் கண்டுபிடிச்சுது. இந்த டிவியச் செஞ்சவன் மட்டும் கையில கெடச்சான்னா, ரெண்டு கால்லயும் கட்டு இருந்தாலும் எந்திரிச்சிருவேன் தம்பி."

அதற்குப் பிறகாவது ஒலியைக் கூட்டியிருக்க வேண்டும். மானம் விடவில்லை. மூன்றாம் முறை இறங்கினேன். "சிறு" வரை வந்துவிட்டேன். அப்போது பலகை எனக்கு உதவுவதாக நினைத்து, "சிறுவர் படங்கள்" என்று தானே நிரப்பியது. சினிமா தேடுவதற்குச் செய்த பலகையையே இங்கேயும் தூக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் வேலை மிச்சமானது. அவசரத்தில் நடுப்பொத்தான் அழுந்திவிட்டது. நீலக் கரடி ஒன்று குதித்துக்கொண்டு வந்து, "வாங்க குட்டிகளா, குளத்துக்குப் போகலாம்!" என்று பாடியது. திரை நிறையத் தண்ணீர்.

மானமாவது மண்ணாவது. ஒலியைக் கடைசிவரை ஏற்றினேன். கரடியின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

முப்பது எண்ணுவதற்குள் சிஸ்டர் ஓடிவந்தார். "யாரது கரடி? மூணாம் கட்டிலா? சின்னப் புள்ளையா நீங்க?" திட்டிக்கொண்டே வந்தவர் கையில் யூரின் கேன் தயாராக இருந்தது. சத்தம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில்தான் தெரியவில்லை. ஆனாலும் நேரமாகிவிட்டது. பாதி கேனுக்கு, பாதி மெத்தைக்கு.

நான்கு மணிக்கு அக்கா வந்தபோது விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, மூணு வயசுல நிறுத்தினதை மறுபடி ஆரம்பிச்சுட்டியா?"

மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டில் ஆடியது, கால் வலித்தது. சிரித்து முடித்ததும், "மேல் மாடில யார்லாம் இருக்காங்க?" என்றாள்.

"நெஞ்சு வலிக்காரங்க. அதுக்கு மேல பிரசவம்."

"அவங்களுக்கும் இதே கரடிதானா?"

"அஞ்சு மணிக்குக் கையெழுத்து."

"நீ என்ன சொல்லப் போற?"

"யோசிக்கணும்க்கா. என் பொழப்பும் இருக்குல்ல?"

"யோசி. மெத்தை காயறதுக்குள்ள யோசி."

ஐந்து மணிக்கு மேலாளர் கூடை நிறைய ஆப்பிளோடு வந்தார். கூடவே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகி அம்மா. "செஞ்சவரே படுத்திருக்கார் மேடம்! இதைவிட நல்ல சாட்சி யாரு?" என்று மேலாளர் பூரித்தார். லாரி டிரைவர் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்க்கவில்லை, கன்னம்தான் பார்த்தது.

"நீங்களே சொல்லுங்க. எப்படி இருக்கு?" என்றார் நிர்வாகி.

பாறை உடைத்தவர் பிள்ளை, பளிச்சென்று உடைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். என் வாயிலிருந்து வந்தது இது: "நல்லாத்தான் இருக்கு மேடம். சின்னச் சின்னதா சிலது..."

அக்கா குனிந்து மெத்தையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து டிவியில் சண்டைக் காட்சி இடியாக வெடித்தது. லாரி டிரைவர் என்னைப் பார்த்தபடியே ஒலியை ஏற்றிக்கொண்டிருந்தார். கேனும் கையுமாகச் சிஸ்டர் ஓடிவந்தார். நிர்வாகியைக் கண்டதும் கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பாட்டு ரசிக்கிறவங்களுக்கு எதுக்கு கேன்?" என்று கேட்டார் நிர்வாகி. அறிக்கையின் நான்காம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மேலாளர் என் நல்ல காலை மெதுவாக அழுத்தினார்.

"மேடம், அது பாட்டு இல்ல," என்றேன். "அந்த நூத்திப்பத்தும் நர்ஸைக் கூப்பிட்டது. அதை நான்தான் தப்பா எழுதினேன். இன்னிக்கு அரை மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்து, என் மெத்தையே நனைஞ்சுபோச்சு. மத்த மாடில மணியைக் கழட்டாதீங்க. இங்கயும் மாட்டிருங்க."

நிர்வாகி அறிக்கையை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். மேலாளர் ஆப்பிள்களை என் போர்வைமேல் கொட்டிவிட்டு, கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். குழுத் தலைவர் பதவி பற்றி இன்றுவரை அவர் என்னிடம் பேசியதில்லை.

உருண்ட ஆப்பிள்களில் ஒன்றைப் பொறுக்கி, லாரி டிரைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள் அக்கா. அவர் கடித்துக்கொண்டே, "கட்டுப் பிரிக்கட்டும் தம்பி, அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் வந்தார். பிளாஸ்திரியைக் கிழித்து, ஓட்டைக்குள் வயரைத் தேடி, "நல்லா இருந்ததை எந்தப் புண்ணியவான் கழட்டச் சொன்னான்?" என்றார்.

"தெரியலண்ணே," என்றேன்.

"இவன்தான்," என்றாள் அக்கா. அப்போது ஊசி போட வந்து நின்ற சிஸ்டர் காதிலும் அது விழுந்தது. ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கியது.

எல்லாரும் போன பிறகு சிவப்புப் பொத்தானைக் கையில் எடுத்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை, கட்டைவிரலே கண்டுபிடித்தது. அழுத்தினேன். கேனோடு வந்தார் சிஸ்டர்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். வேலை செய்யுதான்னு செஞ்சு பார்த்தேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தான் தோணுச்சாக்கும்," என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கேனைக் கட்டிலில் மாட்டிவிட்டுப் போனார்.