மாடிக்கு விட்ட கம்பி

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலையூரில் எங்கள் எதிர்வீட்டு யேசுதாசன் ஒரு மே மாதப் பிற்பகலில் வந்து, "சார், நீங்க எழுதுறவரு. ஹில்டாகிட்ட எப்படிப் பேசுறதுன்னு சொல்லுங்க" என்றார். ஹில்டா அவர் மனைவி. என் பேச்சு என் வீட்டிலேயே எடுபடாது என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

2

இப்படித் தொடங்கினேன்: "1992இல் கட்டிய அந்தப் புது வீட்டில் இரண்டு பருவங்கள் இருந்தன. கூடத்தில் மார்கழி, மேற்கு அறையில்"

வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். கூடத்திலும் வியர்க்கத்தான் செய்யும். மேற்கு அறையில் வெந்தே போய்விடுவோம், அவ்வளவுதான். மின்விசிறி அனலைத்தான் அள்ளிக் கொட்டும். அந்த அறையில்தான் ஹில்டா பிடிவாதமாகப் படுக்கிறார். ஏற்கெனவே மயங்கி விழுந்தாயிற்று. இன்னொரு கோடையை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு என்கிற சதுர ஓட்டைப் பதித்தால் வெயில் உள்ளே இறங்காது. கூடத்துக்கு மேலே பதித்தார்கள். மேற்கு அறைக்கு மேலே மாடி வரப்போகிறது, எதற்கு வீண் என்று விட்டுவிட்டார்கள். நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.]

3

அவர்கள் மகன் ரத்தினத்தை முதலில் துபாய்க்கு அனுப்பி வைத்தேன். பேனா என் கையில்தானே இருக்கிறது. கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்று எழுதுகிறான், ஹில்டா அதை வாங்கிப் படித்து

அடித்துவிட்டேன். வீடு முடியும் முன்பே ரத்தினம் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். கல்யாணத்துக்குப் பிறகு மேலே தனக்கு ஓர் அறை வேண்டும் என்று தூண்களில் கம்பியை நீட்டி விடச் சொன்னவன் அவன்தான்.

4

மேற்கு அறைக்கு மேலே ஓடு பதிப்பதற்காக மாரி மேஸ்திரி மொட்டைமாடிக்கு வந்து பார்த்தார்.

"கம்பிய அறுத்துட்டுதான் சார் ஓடு போடணும். இல்லாங்காட்டி அதோரமா தண்ணி எறங்கிகினே இருக்கும். மாடி எடுக்கப்போறீங்களா இன்னா?"

யேசுதாசன் ஹில்டாவைப் பார்த்தார். கம்பி துருப்பிடிக்காமலிருக்க சிமெண்ட் பால் பூசிக்கொண்டிருந்த ஹில்டாதான் சொன்னார்.

"சுடட்டும் மேஸ்திரி. ஓடு போட்டுட்டா வீடு முடிஞ்சிரும்."

"நீயும் போயிட்டா நான் என்ன ஹில்டா பண்ணுவேன்?" என்று யேசுதாசன் கத்தினார். தெருவுக்கே கேட்டது. ஹில்டா பூசுவதை நிறுத்தவில்லை.

5

முடிவுகள்.

(அ) ஹில்டா சம்மதிக்கிறார். அறை குளிர்கிறது. அவருக்குத் தூக்கம் வரவில்லை.

(ஆ) சம்மதிக்கவில்லை. இதற்கு மேல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. (ஹில்டா இப்போதுதான் எங்கள் வீட்டுக்கு முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார்.)

(இ) கூடத்தில் படுத்துக்கொண்டிருந்த யேசுதாசன் தன் கட்டிலையும் மேற்கு அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இது என் கற்பனை இல்லை, நேற்று நடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் தளம் அதற்காகக் குளிரவில்லை.

இன்று காலை மாரி ரம்பத்தோடு வந்து வாசல் கேட் பக்கத்தில் நிற்கிறார். வரச் சொன்னவர் யேசுதாசன்தான். இப்போது அவரும் பேசவில்லை, ஹில்டாவும் பேசவில்லை. மாரி என் பக்கம் திரும்புகிறார்.

"ஏறட்டுமா, போவட்டுமா? யாராச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

நீங்கள் ஹில்டாவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, மாரிக்குப் பதில் சொல்லுங்கள்.