வளையம் கோடாய்த் தெரிந்த வருஷம்

நெரவி முத்தையனுக்கு ஒரு பொருள் பிடிக்கவில்லையென்றால் அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். மகள் இனியா வாங்கி வந்த தொலைநோக்கியை "அந்தக் குழா" என்றுதான் சொன்னார். அவள் பார்க்கும் வேலையும் அப்படித்தான். காரைக்காலில் ஒரு கண்ணாடிக் கடையில் இனியா ஆறு வருஷமாய் இருக்கிறாள். பவர் பார்ப்பாள், வில்லையை வெட்டி ஃப்ரேமில் உட்கார வைப்பாள், மூக்கில் இறங்காமல் காதில் உறுத்தாமல் வளைத்துக் கொடுப்பாள். அவர் மூக்கில் உட்கார்ந்திருக்கும் தடித்த கண்ணாடிகூட அவள் கைவேலைதான். யாராவது கேட்டால் மட்டும், "கடையில கண்ணாடி தொடைக்குது" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும்.

ஆறு மாசம் படித்து, விசாரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி வாங்கிய குழாய் அது. ஆறு அங்குல வாய், அடியில் கண்ணாடி, உட்கார ஒரு மரப்பெட்டி. ஸ்டாண்டு கிடையாது, பளபளப்பு கிடையாது. அடுத்த வீட்டு மாறன், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர், செல்போனில் வேறொரு தொலைநோக்கியின் விளம்பரத்தை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இங்க பாரு பாப்பா, இதுல அறுநூத்தி எழுவத்தஞ்சு மடங்கு பெருசாத் தெரியுமாம். ஒன்னுதுல எவ்ளோ?"

"நூத்தியிருவது, சித்தப்பா."

"அடக் கூறுகெட்ட பொண்ணே!"

"சித்தப்பா, அரை டம்ளர் பால்ல ஒரு கொடம் தண்ணிய ஊத்துனா கொடம் நெறையும். அது பாலா இருக்குமா? வெளிச்சத்த வாங்குற வாய்தான் அகலமா இருக்கணும். மடங்கு எல்லாம் அப்பறம்."

மாறன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகிறபோக்கில், "எப்படியும் நாளைக்கு எங்களுக்கும் காட்டுவல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மார்கழி சாயங்காலம், மணி ஆறே முக்கால். தெற்கே உச்சிக்குக் கொஞ்சம் கீழே சனி கிரகம். வாசலில் தெருவே கூடிவிட்டது. கூடாதா பின்னே? திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரர்களுக்குச் சனி என்றால் அடுத்த தெருச் சொந்தக்காரர் மாதிரி. அம்மா அஞ்சுகத்துக்குத்தான் உதறல்.

"சனி பகவான நேருக்கு நேர் பாக்கக் கூடாதுடி. கோயில்லயே ஓரமா நின்னுதான் கும்பிடுவோம்."

"இதுலயும் ஓரமா நின்னுதான் பாக்கணும்மா. கண்ணு வைக்கிற எடம் பக்கவாட்டுல இருக்கு பாரு."

அஞ்சுகம் குழாயைச் சுற்றி வந்து பார்த்தாள். மேலே பக்கவாட்டில் ஒரு சின்ன உருளை செருகியிருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் அந்த உருளைக்கு ஐபீஸ் என்று பெயர். "அப்பன்னா சரிதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல அப்பா பாக்கட்டும்" என்றாள் இனியா. மற்றவர்கள் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. அப்பா பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முத்தையன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார், குனிந்தார், பார்த்தார். தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்தார்.

"ம்ம்... பரவால்ல. நல்லாத்தான் தெரியுது. வளையம் தட்டு மாதிரி சாஞ்சு நிக்குது."

இனியாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் வாடியும் போனது. ஏனென்றால் இந்த வருஷம் வளையம் சாய்ந்து நிற்கவே இல்லை. பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை அது தன் விளிம்பை மட்டும் நம் பக்கம் காட்டும். அவரைக் கூப்பிடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவளே பார்த்திருந்தாள். உருண்டைக்கு இரண்டு பக்கமும் மெல்லிசாய் ஒரு கோடு, அவ்வளவுதான். தட்டு இருப்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில். அப்பா எதையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கூத்து. மாறன் பார்த்தார், "ஆமா, தட்டேதான்!" என்றார். அவருக்குப் பின்னால் வந்த பதினோரு பேருக்கும் தட்டுத்தான் தெரிந்தது. முத்தையன் கண்ணுக்குத் தெரிந்தது தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அந்தத் தெருவில் எவன் வாய் திறப்பான்?

எல்லாரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். இனியாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா மேல் கோபம் கோபமாய் வந்தது. "தெரியலம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் மீசையா கொட்டிவிடும்? அப்புறம், கையில் சோற்றை வைத்துக்கொண்டே, அவர் குனிந்த விதம் ஞாபகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றாமல் குனிந்தார். கழற்றவும் மாட்டார். கழற்றினால் அவருக்கு எந்த விளக்கும் இழுபட்ட தீற்றல்தான். அந்தக் கண்ணின் கோணலைச் சரிக்கட்டப் போடும் சிலிண்டர் பவர் இவளுக்கு மனப்பாடம்.

மறுநாள் கடையிலிருந்து பவர் இல்லாத ஒரு தடித்த ஃப்ரேமை எடுத்து வந்தாள். சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு அதே ஐபீஸில் கண்ணை வைத்தாள். கும்மிருட்டு. நடுவில் ஊசிக்கண் அளவு வெளிச்சம், அதுவும் தலை கொஞ்சம் அசைந்தால் காணோம். அந்த ஐபீஸில் கண்ணை ஒட்டினாற்போல் வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும். கண்ணாடி போட்டவர் எப்படி ஒட்டுவது?

தலையில் அடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி! கடைக்கு வருகிற ஒவ்வொரு கண்ணுக்கும் அளந்து அளந்து வில்லை போடுகிறவள், சனிக்குப் பொருத்தமான ஐபீஸைத் தேடினாளே தவிர அப்பா கண்ணுக்குப் பொருத்தமானதைத் தேடவில்லை. கோபம் அவர் மேலிருந்து இறங்கி இவள் மேலேயே ஏறிக்கொண்டது.

இந்தத் தடவை மடங்கைப் பார்க்கவில்லை. கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பதை மட்டும் பார்த்தாள். ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் வட்டம் முழுசாய்த் தெரிகிற ஐபீஸ் ஒன்று கிடைத்தது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் கூரியரில் வந்து சேர்ந்தது. முன்னதைவிடக் குண்டாய் இருந்தது. ஃப்ரேமை மாட்டிக்கொண்டு தானே முதலில் சோதித்தாள். தெருவைக் கூப்பிடவில்லை. அப்பாவை மட்டும் கூப்பிட்டாள்.

"அன்னிக்கே பாத்துட்டேனே" என்றார் முத்தையன்.

"புதுசா ஒண்ணு போட்டிருக்கேம்ப்பா. சரியா இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. கண்ணாடியக் கழட்ட வேணாம், அப்படியே வைங்க."

அவளைச் சந்தேகமாய்ப் பார்த்தார். குனிந்தார்.

வெகு நேரம் நிமிரவே இல்லை. திடீரென்று தெருவே அதிரும்படி ஒரு கத்தல்.

"ஏ பாப்பா! என்னாடி இது? வளையத்தக் காணோம்! எலுமிச்சம்பழத்துல ஈர்க்குச்சியச் செருகுனாப்ல ஒத்தக் கோடுல்ல நிக்குது!"

இனியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்பா பார்த்துவிட்டார்! இதைவிடப் பெரிய பாராட்டை உலகத்தில் யார் அவளுக்குக் கொடுத்துவிட முடியும்?

கத்தல் கேட்டு மாறன் வேலியோரம் வந்து நின்றிருந்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர்.

"என்னண்ணே, அன்னிக்குத் தட்டு மாதிரி சாஞ்சு நிக்குதுன்னீங்க?"

முத்தையன் தோள் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆள், முதல் தடவையாய் விழிபிதுங்கி நிற்பதை இனியா பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"அது ஒண்ணுமில்ல சித்தப்பா, இந்த ஒரு மாசத்துல வளையம் கொஞ்சம்..."

"நீ சும்மா இரு பாப்பா." முத்தையன் கையை உயர்த்தினார். "அன்னிக்கு நான் ஒரு மண்ணும் பாக்கல. இருட்டாத்தான் இருந்துச்சு. இத்தன பேருக்கு முன்னாடி தெரியலன்னு சொல்ல மானக்கேடா இருந்துச்சு, புளுகிட்டேன். என் கண்ணுக்கு எது சரியா வரும்னு தேடிப் புடிச்சுப் பாப்பா வாங்கியாந்து போட்டிருக்கு. இப்பத்தான்டா பாத்தேன்."

மாறன் பிடரியைச் சொறிந்துகொண்டார்.

"அண்ணே... எனக்கு அன்னிக்கே கோடுதான் தெரிஞ்சுது. நீங்க தட்டுன்னீங்களேன்னு..."

"எனக்குந்தாண்ணே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அடுத்து இன்னொன்று. அஞ்சுகம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். முத்தையனுக்கு வந்ததே கோபம்!

"அறிவு கெட்டவனுங்களா! வானத்துல என்னா இருக்குன்னு என்னைக் கேட்டாடா சொல்லுவீங்க? அதப் படிச்சவ, பவர் பாத்து வில்ல போடத் தெரிஞ்சவ இந்தா எம் பொண்ணு நிக்கிறா. அவளக் கேளுங்கடா!"

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். பூமி சுழல்கிற வேகத்தில் சனி வட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது போலும், "பாப்பா, போவுது, போவுது, புடிச்சு நிறுத்து" என்றார். இனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் குழாயை ஒரு நூல் அளவு தள்ளிக் கொடுத்தாள்.