புள்ளி வைக்காத இஞ்சி

"சுவர்ப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பினேன்.

பதினோரு வருடமாகக் காலை ஏழு மணிக்கு நடந்து வந்ததுதான். அவள் கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் கால்களுக்கு வேண்டியதைச் செய்துகொள்வாள். நான் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பேன். பஞ்சுப் பொட்டலம் பிரியும். பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழிப்பாள். 'ஸ்' என்று ஒரு மூச்சு உள்ளே போகும். கடைசியாகக் காலுறை. அது ஏறிய பிறகுதான் "ம், பாருங்க" என்பாள். அன்றும் சொன்னாள். பார்த்தேன். வழக்கமான கறுப்புக் காலுறை, கறுப்பு ஷூ. "டீ ஆறுது, எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று வியாழக்கிழமை. மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டுத் தெருப் பெயரைச் சொன்னாள். எனக்கு இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் எங்களுக்கு யாரும் இல்லை. அவள் வேலை செய்த அருங்காட்சியகம் ஒரு திசை, வீடு ஒரு திசை, அந்தத் தெரு நேர் எதிர்த் திசையில் நான்கு நிறுத்தம் தள்ளி இருந்தது.

அழுதேன். அழுகைக்கு நடுவிலேயே அந்தக் கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வர வேண்டியவள் அங்கே எதற்குப் போனாள்?

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். ஒரு பக்கத்தைக் கையில் எடுக்கும்போதே எங்கோ பிழை இருக்கிறது என்று நம்பித்தான் எடுப்பேன். ஒன்றுகூட அகப்படாவிட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். வீட்டிலும் அதே புத்திதான். அவள் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டாள். சமையலறையில் 'பால வாஙகவும' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போவாள். நான் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துவிட்டுத்தான் பால் வாங்கப் போவேன்.

"புள்ளி வச்சா கை வலிக்குமா உனக்கு?"

"புள்ளி வைக்கலைன்னா பால் திரிஞ்சிடுமா?"

இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

அவள் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடம் செய்த பறவைகள் வைத்திருந்த அறைக்கு அவள்தான் காவல். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது, மூடிய கறுப்பு ஷூ கட்டாயம். நாற்பது வயதைத் தாண்டியதும் இரண்டு காலிலும் பெருவிரல் மூட்டு உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டது. விரலோ மற்ற விரல்களின் மேல் சாய்ந்துவிட்டது. அதற்கு இடம் கொடுத்துக் கொடுத்து வலது காலின் இரண்டாம் விரல் நடுவில் மடங்கி, கூரைபோல் மேலே தூக்கி நின்றது. ஷூ உரசி அதன் மேல் கால் ஆணி. மடங்கிய விரலுக்கு டாக்டர்கள் சுத்தியல் விரல் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். கேட்டுவிட்டு வந்தவள், "ஆணியும் இருக்கு, சுத்தியலும் இருக்கு, இனிப் பலகை வாங்கினா வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்றாள்.

டாக்டர் அறுவை சிகிச்சை செய்யலாம், ஆறு வாரம் நிற்கக் கூடாது என்றார். வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "அறையில ஒரு கொக்கு இருக்கு. அதுவும் அப்படித்தான் நிக்குது, அதுக்கு யாரும் ஆபரேஷன் சொல்லல" என்றாள். விரல்களுக்கு நடுவே பஞ்சு, மாலையில் உப்புப் போட்ட வெந்நீர், உள்ளங்காலுக்கடியில் பாட்டிலை வைத்து உருட்டுவது, ஷூ கயிற்றைப் புடைப்பின் பக்கத்து ஓட்டைகளில் கோக்காமல் விடுவது என்று நாளைத் தள்ளினாள். வெந்நீரில் கால் வைக்கும்போதும் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வாள்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மைத்துனி, அவளுடைய தங்கை, மட்டும் எனக்குத் துணையாக இருந்தாள். எட்டாம் நாள் காலையில் இறந்தவளின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு ஆண் குரல், "இஞ்சிதானே? போன வியாழன் வருவீங்கன்னு கடையைச் சாத்தாம பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றது.

போனை அணைத்துவிட்டேன்.

இஞ்சி என்பது நான் அவளுக்கு வைத்த பெயர். புடைப்பு வந்த புதிதில் ஒரு நாள் படுக்கையில் அவள் பாதத்தைப் பிடித்துப் பார்த்து, "இதென்ன காலா, இஞ்சியா?" என்றேன். சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். அதிலிருந்து அறைக் கதவு சாத்தியிருக்கும்போது அவள் எனக்கு இஞ்சி. வெளியே ஒருவர் காதிலும் அந்தச் சொல் விழுந்ததில்லை. தங்கைக்குக்கூடத் தெரியாது. கதவுக்குள்ளே மட்டும் இருந்த சொல் ஒரு அந்நிய ஆணின் வாய்க்கு எப்படிப் போயிற்று?

போனில் அந்த எண்ணுக்குப் பெயர் 'அளவு' என்று இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அவ்வப்போது பேச்சு, பெரும்பாலும் புதன்கிழமைகளில். வியாழக்கிழமைகளில் அவள் தாமதமாக வருவாள். பறவைகளுக்குத் தூசி தட்டும் நாள் என்று சொல்லியிருந்தாள். அருங்காட்சியகத்துக்குப் போன் செய்து கேட்டேன். தூசி தட்டுவது திங்கட்கிழமையாம்.

அன்றே அலமாரியைக் குடைந்தேன். அடித்தட்டில், பழைய போர்வைக்குப் பின்னால், ஒரு ஜோடி ஆண் ஷூ. எட்டாம் அளவு. எனக்கு ஏழு.

"மாமா, என்ன தேடறீங்க?" மைத்துனி கதவருகில் நின்றாள்.

ஷூவைத் தூக்கிக் காட்டினேன். "இது யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அக்கா அலமாரியில இருந்தா அக்காவோடது."

"ஆம்பிளை ஷூம்மா."

"அதனால?" என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலைல இருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கீங்க. செத்துப்போனவளையும் விட மாட்டீங்களா? அவளுக்கும் சிவப்புப் பேனாவா?"

"உனக்கு ஏதோ தெரியும். மறைக்கிறே."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கால் வலின்னா அவ எனக்குத்தான் போன் பண்ணுவா. ஒரே வீட்டுல இருக்கிற உங்ககிட்ட சொல்ல மாட்டா. ஏன்னு நான் கேட்டதில்ல. நீங்க கேட்டீங்களா?"

பேச்சை மாற்றுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். "தெரிஞ்சவங்க சொன்னாங்க. எங்கே வரணும்?" அந்த ஆள் கொஞ்சமும் தயங்கவில்லை. அதே தெருவைத்தான் சொன்னார், சாவி செய்கிற கடைக்குப் பின்பக்கம் என்றார். "அவசரம் இல்லாம வாங்க. அரை மணி நேரமாவது ஆகும்." எதற்கு அரை மணி நேரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை ஐந்து மணிக்கே போய், எதிரில் மருந்துக் கடையின் நிழலில் நின்றேன். பத்தடி தள்ளி அந்தப் பஸ் நிறுத்தம், அந்த பெஞ்ச். அதைப் பார்க்காமல் கதவையே பார்த்தேன். கதவில் பலகை எதுவும் இல்லை. ஒரு பெண் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அரை மணி கழித்து வெளியே வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது, யாரோ நல்ல சேதி சொல்லி அனுப்பியதைப் போல. ஆளைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டு சாலையைக் கடந்தேன்.

உள்ளே தோல் வாசனையும் பசை வாசனையும் சேர்ந்து மூக்கில் அடித்தன. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அகலமான தோள், மூக்குக் கண்ணாடி, கை நகங்களில் கறுப்புச் சாயம். ஷூ செய்கிறவர். கொஞ்சம் அசடு வழிந்தாலும் நான் முழுதாக இறங்கி வரவில்லை. ஷூ செய்கிறவனும் ஆண்தான். என் சொல் இவனுக்கு எப்படித் தெரியும்?

"போன்ல பேசினவர்தானே? உக்காருங்க சார். எங்க வலி?"

"கால்ல" என்றேன்.

"கால்ல வலின்னுதான் இங்க வருவாங்க. பல்லு வலிக்கு நான் பாக்கறதில்ல." தரையில் உட்கார்ந்து என் ஷூவைக் கழற்றி, பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கூச்சத்தில் இழுத்தேன்; விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து அழுத்திப் பார்த்தார். இதே மடியில்தானே அவள் காலும் இருந்திருக்கும் என்று நினைத்தேன். என்னிடம் ஒளித்து வைத்த கால்.

"ஒண்ணும் கோளாறு இல்லையே சார். நல்ல கால்."

"அளவு எடுங்க" என்றேன். குரல் கடினமாகத்தான் வந்தது.

தாளில் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தார். பிறகு ஒரு மை பேனாவை என்னிடம் நீட்டினார். "என்ன பேர்னு முடிவு பண்ணிக்குங்க. கட்டை தயாரானதும் நீங்களே எழுதணும்."

"என் பேரா?"

"உங்க பேர் எனக்கு எதுக்கு? காலோட பேர். இங்க வர்றவங்க பாதிப் பேரு காலைக் காட்டவே கூச்சப்படறாங்க. இன்னாரோட கால் இப்படின்னு வெளிய தெரிஞ்சா அவங்களுக்குக் கஷ்டம். அதனால யாரோட நெசப் பேரையும் நான் கேக்கறதில்ல. காலுக்கு அவங்களே ஒரு பேரு வச்சு, அவங்க கையாலயே எழுதிடுவாங்க. அங்க பாருங்க."

சுவர் முழுக்கத் தட்டுகள். அவற்றில் ஜோடி ஜோடியாகக் கால் வடிவ மரக்கட்டைகள். அவற்றின் மேல்தான் ஷூவை உருவாக்குவாராம். புடைப்பு இருக்கும் இடத்தில் தோல் துண்டுகளை அடுக்கி ஒட்டி, உயிருள்ள காலைப் போலவே செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் குதிகாலிலும் ஒவ்வொருவர் கையெழுத்து. படகு. வாத்து. மேனேஜர். மாமியார்.

மூன்றாவது தட்டில், படகுக்கும் மேனேஜருக்கும் நடுவில் இருந்தது. பெருவிரல் மூட்டு புடைத்து, வலது கட்டையில் இரண்டாம் விரலுக்கு மேல் ஒரு சின்னக் கூரை. 'இஞசி' என்று எழுதியிருந்தது. ஞ-வுக்குப் புள்ளி இல்லை.

சமையலறையில் ஒட்டியிருக்கும் அதே கை. எழுந்து போய் அதை எடுத்தேன். பதினோரு வருடமாக நான் பார்க்காத பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதை வைங்க சார், அது வேற ஒருத்தரோடது."

"என் மனைவி" என்றேன். "போன வியாழனுக்கு முந்தின வியாழன், இந்தத் தெருவுலதான்..."

அவர் மெல்ல எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

"பஸ் ஸ்டாப்புல கூட்டமா இருந்துச்சு. பாத்தேன். அவங்கன்னு தெரியாது. நான் உள்ள வந்து காத்துக்கிட்டு இருந்தேன்."

ஒரு வருடத்துக்கும் முன்னால் வந்தாளாம், ஆண் ஷூவைப் போட்டுக்கொண்டு. பெண்களுக்கான கறுப்பு ஷூவெல்லாம் முன்பக்கம் குறுகல் என்பதால் அகலத்துக்காக எட்டாம் அளவில் வாங்கி, குதிகாலில் துணியை அடைத்திருந்தாளாம். அவர் செய்த முதல் ஜோடி புடைப்பை அழுத்தியது. பிரித்து மறுபடி செய்தார். இரண்டாவது விரலை உரசியது. ஒவ்வொரு முறையும் ஒரு வியாழக்கிழமை. மூன்றாவது ஜோடியைத்தான் அன்று எடுத்துப் போக வேண்டியது.

"வீட்டுல சொல்ல வேணாம்னாங்க. இதைப் போட்டுக்கிட்டு ஒரு நாள் சும்மா நடந்து காட்டணுமாம்."

ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது எனக்கு. "இந்தப் பேரை ஏன் வச்சான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். வீட்டுல வச்ச பேருன்னாங்க."

"சொல்லும்போது சிரிச்சாளா?"

அவர் நிறைய நேரம் யோசித்தார். பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். சொல்லவில்லை.

"நான் கால்ல வேலை பாக்கறவன் சார். குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். முகத்தைப் பாக்கல."

ஷூவைப் பையில் போட்டுக் கொடுத்தார். வாசல்வரை வந்தவர், "பொதுவா இப்படி ஆனா ஒட்டின தோலை உரிச்சிட்டு, எழுத்தைச் சுரண்டிட்டுக் கட்டையை இன்னொருத்தருக்கு எடுத்துக்குவேன்" என்றார். "என்ன செய்ய?"

"இருக்கட்டும்" என்றேன்.

வீட்டில் மைத்துனி பையைப் பிரித்துப் பார்த்தாள். கையை உள்ளே விட்டுத் தடவினாள். புடைப்புக்கு ஒரு குழி, விரலுக்கு ஒரு கூரை. "ஆளைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

சிரித்தாள் என்றுதான் இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னது அதற்கு முன்னா பின்னா என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பின்னால்தான். அடுத்த நாளிலிருந்துதான். அந்தப் பெயரைக் கசப்பில் எழுதினாளா, ஆசையில் எழுதினாளா என்று சொல்ல இனி யாரும் இல்லை. அவள் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. என் மேல் இருப்பது போகவில்லை.

நான்கு வருடம் ஆகிறது. என் ஷூவின் அடி தேய்ந்தால் அங்கேதான் கொண்டுபோகிறேன். அவர் வேலை செய்யும்போது மூன்றாவது தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். மேனேஜர் கட்டை இப்போது இல்லை, அங்கே வேறு ஏதோ பெயர். ஒருமுறை அவரே மை பேனாவை எடுத்து நீட்டினார். "நீங்க புஸ்தகம் திருத்தறவராமே? அந்த எழுத்துல ஏதோ விட்டுப்போயிருக்கிற மாதிரி இருக்கு. சரி பண்ணிடுங்களேன்."

வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

ஞ-வுக்குப் புள்ளி இன்னும் இல்லை.