வெள்ளைக் கால்சட்டை

பைப்பா ஊரில் அன்றைய சைக்கிள் ஓட்டம் முடிந்தபிறகும் தெயனீரா சைக்கிள் சீட்டில் உட்காரவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, ஹோட்டல் வாசல்வரை பெடல்மேல் நின்றபடியே வந்தாள். மஞ்சள் சட்டை இன்னும் அவள் உடம்பில்தான் இருந்தது. பல நாள் பந்தயத்தில், மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவளுக்குத் தரும் சட்டை அது. இன்னும் ஒரே ஒரு நாள் அதைக் காப்பாற்றிவிட்டால் போதும்.

எங்கள் அணியில் ஆறு பேர்; தெயனீராவை நாங்கள் தெயா என்போம். மற்ற ஐந்து பேருக்கும் தெயாவுக்குக் காற்று மறைப்பது, தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, எதிராளிகளைத் துரத்துவதுதான் வேலை. நானும் அவளும் ஒரே அறை. குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"தெயா, செத்துட்டியா உள்ள?"

"தண்ணி பட்டா எரியுதுடி."

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். தரையில் அவளுடைய ஜட்டி கிடந்தது. அதன் ஓரத் தையலை ஒட்டி நெடுக ரத்தம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் காட்டினாள். தொடை இடுக்கில், சரியாகச் சீட்டு அழுத்தும் இடத்தில், கொய்யாப் பிஞ்சு அளவுக்கு ஒரு கட்டி. சுற்றிலும் தோல் வழண்டு சிவந்திருந்தது.

"இதுக்குள்ள எதுக்குடி ஜட்டி போட்ட? உனக்குத் தெரியாததா?"

சைக்கிள் ஓட்டும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பந்தயக் கால்சட்டைக்குள்ளேயே மெத்தை வைத்துத் தைத்திருக்கும். அதைத் தோலோடு தோலாகத்தான் போட வேண்டும். நடுவில் ஒரு தையல் வந்தால், மணிக்கணக்கில் அதன்மேல் உட்கார்ந்து மிதிக்கும்போது அது கத்தியாகிவிடும்.

"தெரியும். போட்டோவும் தெரியும்" என்றாள்.

எந்தப் போட்டோ என்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பணம் போடுவது ஒரு பால் கம்பெனி. இந்த வருஷம் கால்சட்டையைப் பால் வெள்ளையில் கொடுத்தார்கள். வருஷத்தின் முதல் பந்தயத்திலேயே மழை. நனைந்த வெள்ளைத் துணியில் எல்லாம் தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து தெயாவைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவள் அப்பா வென்தாகெமாதாவில் உருளைக்கிழங்கு விவசாயி. சந்தையில் ஒருத்தன் போனை அவரிடமே நீட்டி, "உங்க பொண்ணு நல்லா மிதிக்குது" என்று சிரித்திருக்கிறான். அவர் அதற்குப் பிறகு சந்தைக்குத் தம்பியைத்தான் அனுப்பினார். வீட்டில் யாரும் தெயாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நாளைக்கும் மழைன்னு சொல்றாங்க. நான் ஒண்ணும் போடாம ஏற மாட்டேன், நூபியா. செத்தாலும் மாட்டேன்."

"சரி. அப்ப தையல் இல்லாததா ஒண்ணு கண்டுபிடிப்போம்."

இரண்டு பேரும் சதுக்கத்துக்கு நடந்தோம். அவள் காலை அகட்டி அகட்டி வந்தாள். இடுப்பை இறுக்கும் உள்ளுடுப்புகள் விற்கிற கடை ஒன்று இருந்தது. எங்கள் நாட்டில் ரொட்டிக் கடை இல்லாத ஊர்கூட இருக்கும், இந்தக் கடை இல்லாத ஊர் இருக்காது. கடைக்கார அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கா, பிள்ளை பெத்ததுக்கு அப்புறமா?"

"சைக்கிள் பந்தயத்துக்கு" என்றேன்.

அவள் சரிகை வைத்தது ஒன்றை எடுத்துப் போட்டாள். தெயா வேண்டாமென்று தலையாட்டினாள். பருத்தியில் ஒன்று. ஓரத்தில் தடித்த தையல். கறுப்பில் ஒன்று. "வெள்ளைக்குள்ள கறுப்பா? பால்ல காக்கா விழுந்த மாதிரி இருக்கும்" என்றாள் தெயா. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். கடைசியில் தோல் நிறத்தில் ஒன்று வந்தது. விளிம்பில் தையலே இல்லை, வெட்டிய துணி அப்படியே இருந்தது. இறுக்கமான கவுனுக்குள் கோடு தெரியாமல் இருக்கப் போடுவதாம்.

"எவ்வளவு நேரம் உட்காருவீங்க?" என்றாள் அந்த அம்மா.

"மத்தியானம் வரைக்கும். மலை ஏறி இறங்கி."

"ஆடறதுக்கு இது நல்லாருக்கும் மகளே. அவ்வளவு நேரம் உட்கார்றதுக்கு எனக்குத் தெரியல."

வாங்கிக்கொண்டு வந்தோம். அவளுடைய காயத்தில் சோதனை பார்க்க எனக்கு மனசில்லை. நானே போட்டுக்கொண்டு, மேலே வெள்ளைக் கால்சட்டையை மாட்டி, ஹோட்டல் கொல்லையில், நின்ற இடத்திலேயே சுழலும் பயிற்சி உருளைகளின்மேல் சைக்கிளை வைத்து மிதித்தேன். தெயா வாளித் தண்ணீரை என் பின்பக்கம் ஊற்றினாள்.

"ஒண்ணும் தெரியலடி. சுத்தமாத் தெரியல." அவள் குரலில் உயிர் வந்தது.

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் துணி நழுவ ஆரம்பித்தது. விளிம்பு சுருண்டு, ஈரத்தில் முறுக்கேறி, இடுக்கில் கயிறாக இறங்கியது. மெத்தை ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. இறங்கினேன். என் நடையைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

வேறு ஒரு வழி இருந்தது. பயிற்சிக்கென்று எல்லோரிடமும் கறுப்புக் கால்சட்டை உண்டு. கறுப்பு நனைந்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பயிற்சி மாஸ்டரிடம் போனேன். அபெலார்தோ மாஸ்டர் கத்துகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு தடவை முடியாது என்றால் முடியாதுதான்.

"கறுப்பா? முதலாளி நாளைக்கு நம்ம கார்ல வர்றார், நூபியா. அவர் காசு போட்டதே அந்த வெள்ளைக்குத்தான். காரணத்தைச் சொல்லு."

தெயா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"சும்மா, மழை வருதேன்னு" என்றேன்.

"மழை எல்லாருக்கும்தான் வருது. போய்ப் படு."

காலையில் வானம் மலைமேல் உட்கார்ந்திருந்தது. தெயா பழைய மெல்லிய ஜட்டி ஒன்றைத் திருப்பி, தையல் வெளிப்பக்கம் வரும்படி போட்டுக்கொண்டாள். களிம்பை அள்ளி அப்பினாள். புறப்படும் இடத்தில் சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். உடனே எழுந்துவிட்டாள். எதிரே மெதெயின் ஊர்க்காரி யுலியெத் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். மொத்தக் கணக்கில் தெயாவுக்கு அடுத்த இடம் அவளுக்கு. தெயா உட்காராமல் நிற்பதைக் கவனித்துவிட்டாள். பார்வையைத் திருப்பவே இல்லை.

தெயா இறங்கினாள். சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு அணிக் காரை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். முதலாளி முன் சீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வெளியே சக்கரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், எனக்குக் கட்டி வந்திருக்கு. கீழ. சீட்டு படற இடத்துல. ஜட்டித் தையல் அறுத்து வந்தது. வெள்ளை நனைஞ்சா தெரியும்னு போட்டேன். போட்டா உட்கார முடியல. போடாம வெள்ளையில நான் ஏற மாட்டேன்."

இதை அவள் தரையைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மாஸ்டர்தான் கையிலிருந்த சக்கரத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? உங்ககிட்டயா?"

முதலாளி கண்ணாடியை இறக்கினார். "என்ன அபெலார்தோ, என்ன பிரச்சினை?"

"கால்சட்டை மாத்தறோம். கறுப்பு."

"எதுக்கு?"

"பொண்ணுக்குக் காயம்."

"எங்க?"

"அது உங்களுக்கு வேண்டாம்" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு நடுவர் கூடாரத்துக்கு ஓடினார். கனத்த மனுஷன், அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தலைமை நடுவர் ஒரு பெண். ஆறு பேரும் ஒரே நிறத்தில் வந்தால் விடுவதாகச் சொன்னாராம். ஒருத்தி மாறினாலும் யாரும் புறப்பட முடியாது. ஒலிபெருக்கியில் வரிசையில் நிற்கச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். வேனுக்குள் ஆறு பேர் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து உடை மாற்றினோம். ஒருத்தியுடைய கறுப்பு நேற்றுத் துவைத்து இன்னும் ஈரம். முனகாமல் இழுத்து மாட்டிக்கொண்டாள். தெயா கடைசியாக மாட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை, களிம்பு மட்டும். கதவைத் திறந்து நாங்கள் குதித்தபோது மற்ற அணிகள் நகர ஆரம்பித்திருந்தன.

கட்டி போய்விடவில்லை. அறுப்பது நின்றது, அவ்வளவுதான். முதல் பாதி ஏற்றம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கலாம் என்பதால் தெயா தாக்குப்பிடித்தாள். யுலியெத் இரண்டு தடவை பாய்ந்து பார்த்தாள். இரண்டு தடவையும் தெயா அவள் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டாள். உச்சியில் மழை பிடித்தது. இறக்கத்தில் கை விறைத்து பிரேக் எங்கே என்றே தெரியவில்லை.

நான் பயந்தது அதற்குப் பிறகு வரும் சமவெளிக்குத்தான். எதிர்காற்றில் குனிந்து, உட்கார்ந்து மிதித்தே ஆக வேண்டும். யுலியெத்துக்கும் அது தெரிந்திருந்தது. தரை மட்டமானதும் தன் அணிக்காரிகள் இருவரை முன்னால் விட்டு வேகத்தைக் கூட்டினாள். எங்களில் மற்ற நால்வரும் பின்தங்கிவிட்டார்கள், நானும் தெயாவும் மட்டும்தான் மிச்சம். இடைவெளி விழுந்தது.

"உட்காருடி" என்று கத்தினேன்.

"முடியல."

"என் பின்னாடி வா. உட்காரு. திட்டணும்னா என்னைத் திட்டு."

அவள் உட்கார்ந்தாள். அவள் அலறியது எனக்குக் கேட்டது. பிறகு திட்ட ஆரம்பித்தாள். என்னை, என் அம்மாவை, பால் கம்பெனியை, உலகத்திலிருக்கும் பசு மாடுகளையெல்லாம். நான் தலையைக் குனிந்து மிதித்தேன். திட்டு நின்றால்தான் எனக்குப் பயம் வந்தது. நின்றபோதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தாள். ஓட்டம் முடியும் ஊரான தூன்ஹாவின் முதல் வீடுகள் வந்தபோது என் கால் செத்துவிட்டது. ஓரமாக ஒதுங்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள், உட்கார்ந்தபடியே.

யுலியெத் முதலில் கோட்டைத் தொட்டாள். தெயா பின்னால் வந்தாள். கணக்குப் பார்த்து அறிவிக்கும்வரை மாஸ்டர் மழையில் நின்றார். முன்பே இருந்த நேர இடைவெளியில் நூலிழை மிஞ்சியிருந்தது. மஞ்சள் சட்டை எங்களுக்கே.

மேடையில் முதலாளி கைகொடுத்தார். தன் காரை வரவழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மருத்துவமனைக்கு மாஸ்டர்தான் ஓட்டினார். பின்சீட்டில் தெயா குப்புறப் படுத்திருந்தாள், தலை என் மடியில். கட்டி உடைந்திருந்தது, விரித்திருந்த துண்டெல்லாம் சீழும் ரத்தமும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் காரை ஏறக்குறைய நிறுத்தி, மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"இன்னும் என்னென்ன என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கீங்க?" என்றார் மாஸ்டர், கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல்.

நான் தெயாவைப் பார்த்தேன். அவள் முகத்தை என் மடியிலிருந்து கொஞ்சம் தூக்கினாள்.

"சீட்டு. அது ஆம்பளைங்களுக்குச் செஞ்சது" என்றாள்.

"சரி."

"வேன்ல பாத்ரூம் இல்ல" என்றேன் நான்.

"சரி."

"மாசா மாசம் வர்ற நாள்ல மலைப் பயிற்சி வைக்கிறீங்க."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழியை விட்டுவிட்டு வேறு தெருவில் திரும்பிவிட்டோம் என்று அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

"சொல்லு, சொல்லு. கேட்டுட்டுதான் இருக்கேன்" என்று வண்டியைத் திருப்பினார்.