சந்தனம் வைத்த இரும்பு

திருமலைசாமிக்கு உலோகவியல் தெரியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருப்பவரிடம் அதை யார் சொல்வது? மருமகள் ஹாரிகா அதைத்தான் படித்திருந்தாள். ஃபவுண்டரிக்குள் அவளைக் கூப்பிடுவது காபி கொண்டுவர மட்டும்தான்.

டைட்டானியமும் இரும்பும் கலந்த கருமணலைக் கரியோடு சேர்த்து மின் உலையில் உருக்கினார் மாமனார்.

"மாமா, கரி இரும்பைத்தானுங்க பிரிக்கும். டைட்டானியம் மேல மிதக்கற கசட்டுல இருக்குமுங்க," என்றாள் ஹாரிகா.

"கசடுன்னா வழிச்சுக் கொட்டறது அம்மணி. எங்கப்பாரு காலத்துல இருந்தே அப்படித்தான்."

வழித்துக் கொட்டினார்கள். கேட்டுக்கு முன்னால் இருந்த பள்ளம் நிரம்பியது. உலையின் அடியில் தங்கிய கட்டியை மினுமினுக்கத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, டைட்டானியம் என்று ஊரைக் கூட்டிக் காட்டினார் திருமலைசாமி. காந்தம் வேறு அதில் கப்பென்று ஒட்டியது. "ஒசந்த சரக்குங்க! எப்படிப் புடிக்குது பாருங்க," என்று பூரித்துப்போனார்.

வெள்ளைப் பெயின்ட்டுக்கு டைட்டானியம் தேடி ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பொட்டு வைத்த இரும்பைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பியவர், கார் டயர் இடுக்கில் சிக்கியிருந்த கறுப்புக் கசட்டுக் கட்டியைப் பிடுங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதானுங்க எனக்கு வேணும். எவ்வளவு இருக்குதுங்க?"

"அட, அது குப்பைங்க! கையெல்லாம் கரியாகுது, போடுங்க கீழ," என்று பதறிய திருமலைசாமி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அம்மணி, சார் கை கழுவத் தண்ணி கொண்டா!"

ஹாரிகா தண்ணீர் கொண்டுவரவில்லை. மண்வெட்டியும் காலிச் சாக்கும் கொண்டுவந்து வந்தவர் கையில் கொடுத்தாள்.