வலி மாத்திரைப் பாக்கி

குல்சும் லாத்தா தர வேண்டிய பாக்கி நானூற்று இருபது ரூபாய். அத்தனையும் வலி மாத்திரைக்கு. ஏர்வாடிப் பக்கத்து உப்பளத்தில் அவளோடு உப்புச் சுமக்கிற, அவளை அக்கா முறைக்கு லாத்தா என்றழைக்கிற அமுதவள்ளிதான் ராமநாதபுரத்தில் அட்டை அட்டையாக வாங்கி வந்து, ஒன்றிரண்டாகப் பிய்த்துக் கொடுப்பாள். மாத்திரைக்கு ஒரு ரூபாய் லாபம். இடுப்பு விட்டுப்போன பெண்களுக்கெல்லாம் அவள் முந்தானை முடிச்சுதான் ஆஸ்பத்திரி.

"ஒரு மடக்குத் தண்ணி போதும். மேல குடிச்சா ஒதுங்க எங்கன போறது?" என்று சொல்லித்தான் மாத்திரையை நீட்டுவாள். பொட்டலில் மறைவுக்கு ஒரு செடி கிடையாது. பொழுது சாயும்வரை பெண்கள் தண்ணீரைத் தொடுவதில்லை.

இப்போது குல்சும் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். முகமும் காலும் வீங்கி, மூத்திரம் நின்றுபோயிருந்தது.

"கிட்னி அடிபட்டிருக்கு. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. சுக்குக் கசாயந்தான்" என்றாள் குல்சும்.

அமுதவள்ளி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"ஏன் லாத்தா பொய் சொன்னீக?"

"உன்னயப் புடிச்சு ஏசுவாக, விடு. இங்கன கேளு வள்ளி. கடனோட மவுத்தாகி மண்ணுக்குள்ள போகக் கூடாது. குடுக்கக் கையில இல்ல. பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

அமுதவள்ளியின் முந்தானை முடிச்சில் அன்றைக்கும் ஓர் அட்டை இருந்தது. வருகிற வழியில், நாளைய விற்பனைக்கு வாங்கியது. அதை அவிழ்த்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"நாந்தாம்மா குடுத்தேன். தெனம் ரெண்டு. மாசக்கணக்கா."

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "வெயில்ல தண்ணியில்லாம காயிற உடம்பும்மா. அதுல இதையும் போட்டா கிட்னிக்குப் போற ரத்தமே குறைஞ்சிரும். இப்ப நிறுத்தினா தேறலாம், உறுதியாச் சொல்ல முடியாது. வேற யாருக்குக் குடுத்த?"

"உப்பளத்துப் பொம்பளைக எல்லாத்துக்கும்."

வார்டே திரும்பிப் பார்த்தது.

திரும்பி வந்தபோது குல்சும் முறைத்தாள். "கூறுகெட்டவளே, நான் மூடி வச்சா நீயே போயி தொறந்து விட்டியா?"

"என்னயப் பொறுப்பீகளா லாத்தா?"

"அத என் கால்ல நடந்து வீடு போயிச் சேந்தப்பறம் சொல்றேன். நீ மொதல்ல என் பாக்கியச் சொல்லு."

அமுதவள்ளி தலை நிமிரவில்லை. "நானூத்தி இருபதயும் பொறுத்துட்டேன் லாத்தா" என்றாள்.