சாக மறுத்த சவிரிமுத்து

தீவுப்பக்கத்துக் கரம்பொன் ஊரில் பேய்ப்படம் எடுக்க வெளிக்கிட்ட முதல் ஆள் டிலோன்தான். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துப் பிழைக்கிற இளந்தாரி. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, யாழ்ப்பாணத்து வீடியோக் கடைகளில் ஊர் உலகத்துப் படமெல்லாம் கிடைக்கத் தொடங்கிய காலம். விளையாட்டில் தோற்றவன் செத்துப்போகிற படங்களாகவே தேடித் தேடி எடுத்துவந்து பார்ப்பான். பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை முற்றிவிட்டது.

"வெள்ளைக்காரன் என்னத்தை வைச்சு வெருட்டுறான்? எங்களிட்டைக் கிளித்தட்டு இருக்கு" என்றான்.

படத்துக்குப் பெயர் 'கிளி தொட்டால் சாவு'. கோடுகளைத் தாண்டி ஓடுகிற கிளித்தட்டு ஆட்டத்தில், நடுக்கோட்டில் ஓடித் திரிந்து ஆட்களை மறிக்கிறவனுக்குத்தான் கிளி என்று பெயர். கிளி தொட்டால் ஆள் வெளியே போகவேண்டும். டிலோனின் படத்தில் ஆள் உலகத்தை விட்டே போகவேண்டும். வேதக்கோயில் திருநாளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுவதாகச் சுவாமியாரிடம் வாக்கும் கொடுத்துவிட்டான்.

பேய்க் கிளியாக நடிக்க அருளப்புவைக் கேட்டான். அறுபதை எட்டிக்கொண்டிருந்தாலும் கடல் தொழில் செய்த கட்டுடம்பு, பெரிய மீசை, ஒருகாலத்தில் தீவிலேயே பேர்போன கிளி. அவர் யோசிக்காமல் ஓம் என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. வாலிப வயதில் ஒரு திருநாள் ஆட்டத்தில், அருளப்புவின் மச்சான் சவிரிமுத்து கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடினார். "தொட்டனான்" என்றார் அருளப்பு. "தொடேல்லை" என்றார் சவிரிமுத்து. கிளித்தட்டில் நடுவர் கிடையாது. தொடுபட்டவன் தானாக விலகிப் போவதுதான் மரியாதை. சவிரிமுத்து விலகவில்லை. அருளப்பு ஊரே கேட்க அவரைப் பொய்யன் என்றார். அப்போது சவிரிமுத்துவைக் கட்டி மூன்று மாதம்கூட ஆகாத சின்னத்தங்கம், அருளப்புவின் ஒரே தங்கச்சி, கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்ரை மனிசனைப் பொய்யன் எண்ட வாய், பிழை எண்டு சொல்லுமட்டும் எனக்கு அண்ணை இல்லை."

போனவள் போனவள்தான். ஊர் இடம்பெயர்ந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே வள்ளத்தில் போயின, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. திரும்பிவந்து அடுத்தடுத்த வளவில் குடியிருந்தும் கதை பேச்சில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி நண்டுக்கறி வைக்கும் நாளில் அருளப்புவுக்குத் தன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது. தான் எப்படித் தொடுகிறவன் என்று படத்திலாவது ஊர் பார்க்கட்டும், அவளும் பார்க்கட்டும் என்பதுதான் அவருடைய நினைப்பு.

படப்பிடிப்பு கோயிலுக்கு முன்னாலுள்ள வெட்டவெளியில் தொடங்கியது. பொடியன்கள் சாகத் தயார், தாய்மார்தான் விடவில்லை. "சண்டையிலை பார்த்த சாவே காணும். விளையாட்டுக்கும் என்ரை பிள்ளை சாகப்படாது" என்று ஒருத்தி வந்து மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது: செத்தவன் உடனே எழும்பிச் சிலுவை அடையாளம் போடவேண்டும், அதையும் படம் எடுக்கவேண்டும். அதனால் பேய்ப்படம் பாதி செபக்கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. டிலோன் தலையில் கை வைத்தான்.

கடைசி நாள், கதாநாயகனாக நடித்தவன் காலைச் சுளுக்கிக்கொண்டான். "ஆர் வாறியள்?" என்று டிலோன் கேட்டான். சனத்தை விலக்கிக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டியபடி சவிரிமுத்து வந்து நின்றார்.

"நான் ஓடுறன். அவர் தொட்டால் சாகிறன்" என்றார், அருளப்புவைப் பாராமல்.

டிலோன் கமராவைத் தூக்கினான். இரண்டு கிழவர்களும் பாய்ந்தார்கள். வெளி முழுக்க ஒரே கூச்சல். சவிரிமுத்து இடம் காட்டி வலம் வெட்டினார். அருளப்பு கையை எட்டிவிட்டார். விரல் நுனியில் வியர்த்த சட்டை பட்டது. சந்தேகமே இல்லை, பட்டது.

"தொட்டனான். நீர் சாவும்."

"தொடேல்லை. பிறகேன் நான் சாகவேணும்?"

டிலோன் கெஞ்சினான். "ஐயா, கதையின்படி நீங்கள் செத்தாத்தான் படம் முடியும்." சவிரிமுத்து அசையவில்லை. தொடாமல் சாக ஏலாது என்று ஒரே பிடியாக நின்றார். பழைய சண்டை பழைய இடத்திலேயே திரும்ப எழும்பியது. அப்போதுதான் யாரோ, "கமராவிலை பாப்பமே" என்றார்கள்.

அருளப்புவுக்குத் தெம்பு வந்தது. இத்தனை காலத்தில் இன்றைக்குத்தான் ஒரு சாட்சி. சின்னத்தங்கம்கூடக் கிட்ட வந்தாள். டிலோன் பின்னுக்கு ஓடவிட்டு, கமராவின் குட்டித் திரையைத் திருப்பினான். எல்லாத் தலையும் குவிந்தது.

ஓடுகிறார்கள், வெட்டுகிறார்கள், அருளப்புவின் கை நீளுகிறது. அந்த இடத்தில் படம் திடுக்கென்று திரும்பிச் சனத்துக்குள் போய்விட்டது. தாலி ஏறும்போது பெண்ணின் தாய் அழுகிறாளா என்று கமராவைத் திருப்புகிற கலியாணவீட்டுப் பழக்கம். டிலோனின் கை தன்பாட்டில் செய்துவிட்டது. திரையில் சின்னத்தங்கத்தின் முகம்தான் தெரிந்தது. புருஷனை அவள் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கத்துகிறாள். அந்தக் கூச்சலில் ஒருவருக்கும் கேட்காத சத்தத்தைக் கமரா பிடித்து வைத்திருந்தது.

"அண்ணை, கல்லுக் கிடக்கு, விழுந்திடாதை அண்ணை."

டிலோன் இன்னொருமுறை போட்டான். அண்ணை என்ற சொல் இன்னொருமுறை கேட்டது. அருளப்பு மீசையைத் தடவுகிற சாட்டில் கண்ணைத் துடைத்தார். விரல் நுனியில் சவிரிமுத்துவின் வியர்வை இன்னும் காயவில்லை. அந்தக் கையைச் சாரத்தில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"நான் தொடேல்லை. இண்டைக்கும் தொடேல்லை, அண்டைக்கும் தொடேல்லை. என்ரை வாய்தான் பிழை."

சவிரிமுத்து அவரைப் பார்த்தார். பிறகு தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கோட்டுக்கு நடுவில் போய்ப் புழுதியில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கண்ணை மூடினார்.

"தம்பி டிலோன், கமராவை எடும். நான் செத்திட்டன்."

டிலோன் அவசரமாக எடுத்தான். சாவு அவ்வளவு நன்றாக அமைந்தது. சவிரிமுத்துவின் உதட்டோரச் சிரிப்பு மட்டும் கடைசிவரை அடங்கவில்லை.

"காணும், சிலுவையைப் போட்டிட்டு எழும்புங்கோப்பா" என்றாள் சின்னத்தங்கம். பிறகு தமையன் பக்கம் திரும்பினாள். "அண்ணை, கையைக் கழுவிப்போட்டு வா. நண்டு ஆறப்போகுது."